தங்கராஜ் சொன்ன ஜாக்கும் நான் வாங்கிய ஜாக்கும்

நாற்பது வருஷத்துக்கு மேல் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன் நான். அப்படிப்பட்டவனை வீட்டில் உட்கார வைத்துக்கொண்டு, கார் தூக்குகிற ஜாக்கு எதை வாங்கலாம் என்று என் மாப்பிள்ளை போனிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. இந்த விஷயம் அங்கே ஆரம்பித்தது.

நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கே தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்குப் பழைய தொழிலாளிகளின் அனுபவம் வேண்டும் என்று கேட்டார்கள். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். "நல்லதா நாலு விஷயம் சொல்லுங்கப்பா" என்றாள். நல்லதை மட்டும் சொன்னால் அரைப் பக்கம் வராது. அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

மாப்பிள்ளைக்குப் பம்பாயில் அணுசக்தி நகர்ப் பக்கம் டெக்னீஷியன் வேலை. செம்பூரில் வீடு. காலையில் ஸ்டாஃப் பஸ்ஸில் போய் சாயங்காலம் வந்துவிடுவார். மழைக்காலம் முடிந்ததும் ஒரு சின்னக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். டயர் மாற்றிப் போடுவது, பிரேக் பேட் மாற்றுவது எல்லாம் லீவு நாளில் தானே செய்யப்போவதாகச் சொன்னார்.

"கேரேஜ்ல விட்டா உள்ள என்ன பண்றாங்கன்னே தெரியல மாமா" என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னார். உள்ளே என்ன பண்ணுவோம் என்று எனக்குத் தெரியும். அதனால் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் போனை எடுத்து ஒரு வீடியோ போட்டார். யாரோ பம்பாய் இந்தியில் பேசுகிறான். இந்திதான், ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கு அடியிலும் நாங்குநேரி கிடக்கிறது. முகத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை. தங்கராஜ்.

"இவரைத் தெரியுமா மாமா?"

"கூட வேலை பாத்தவன்."

"நெஜமாவா? சொல்லவே இல்லையே. எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் இவர் வீடியோ பாத்துட்டுத்தான் வண்டியில கையை வைக்காங்க. எல்லாரும் உஸ்தாதுன்னுதான் சொல்லுவாங்க."

உஸ்தாத். தொழிலில் குரு என்று அர்த்தம். என் ஆயுசில் என்னை ஒருத்தன் அப்படிக் கூப்பிட்டதில்லை. செல்லையா, ஏய், மிஸ்திரி, இவ்வளவுதான். அவனைத் தாராவிக்குக் கூட்டிக்கொண்டு வந்ததே நான். என் பாயில் பாதியில் படுத்திருந்தவன்.

வீடியோவில் அவன் சொன்னது எல்லாம் சரி. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். சின்னக் காரின் ஒரு மூலையைத் தூக்க இரண்டு டன் ஜாக்கு போதும், டன் ஏற ஏறக் காசுதான் போகும் என்றான். ஜாக்கு எவ்வளவு உயரம் தூக்கும் என்று பார்க்கிறதுக்கு முன்னால் எவ்வளவு தாழ்வாக உள்ளே நுழையும் என்று பாரு என்றான். காற்று இறங்கின டயரோடு கார் நிற்கும்போது ஜாக்கின் தலை அடியில் போகாவிட்டால் அதை வைத்து என்ன செய்வது. சக்கரம் இரும்பாக இருக்க வேண்டும். கைப்பிடி நீளமாக இருந்தால் தோள் வலிக்காது. இறக்கும்போது தடாலென்று விழக்கூடாது. பெயிண்டைப் பார்த்து வாங்காதே, பிஸ்டன் பக்கத்தில் விரலை வைத்துத் தடவிப் பாரு, எண்ணெய் ஒட்டினால் கடைக்காரனிடமே விட்டுவிட்டு வா என்றான்.

கடைசியில் இடது கையைத் தூக்கிக் காட்டினான். ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கும். "இன்னொருத்தன் பார்த்த கோட்டை நம்பாதே. கோட்டை நீயே பாரு" என்று இந்தியில் சொல்லி முடித்தான்.

"என்ன கோடு மாமா அது?"

"அதெல்லாம் அந்தக் காலத்து வேலை" என்று எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன்.

என்ன கோடு என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் காசிம் பாயிடமிருந்து தொடங்க வேண்டும்.

நான் ஊரிலிருந்து வந்தது தாராவியில் என் மாமாவின் தோல் கிடங்குக்கு. அந்த வாடை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சயான் பக்கம் காசிம் பாய் கேரேஜில் சேர்ந்தேன். மூன்று வருஷம் மண்ணெண்ணெயில் நட்டு கழுவினேன். கைத்தோல் உரிந்தது, தொழில் பிடிபட்டது. அந்த மூன்று வருஷத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

காசிம் பாய்க்குச் சொந்த ஊர் மேலப்பாளையம். கேரேஜ் முதலாளி, ஆனால் எப்போதும் வெள்ளைச் சட்டைதான் போடுவார். அந்தச் சட்டையில் ஒரு சொட்டு கிரீஸ் பட்டு நான் பார்த்ததில்லை. இஞ்சினுக்குள் முழங்கை வரை விட்டு எடுப்பார், சட்டை அப்படியே இருக்கும். கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். மரியாதை கொடுக்க ஆரம்பிப்பார். "வா செல்லையா" என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது. "வாங்க செல்லையா" என்றால் என்ன தப்பு செய்தோம் என்று நாமே தேட வேண்டும்.

காரைத் தூக்குவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். ஜாக்கை வைத்துத் தூக்கினதும் இடுப்பால் காரை இரண்டு தடவை இடிக்க வேண்டும். ஆடினால் இறக்கி மறுபடி வைக்க வேண்டும். ஆடாவிட்டால், ஒரு மரக் கம்பைக் காருக்குப் பக்கத்தில் தரையில் ஊன்றி, பாடியின் அடி விளிம்பு எந்த உயரத்தில் வருகிறதோ அந்த இடத்தில் கம்பில் சாக்பீசால் ஒரு கோடு. அப்புறம் கம்பைத் தூர வைத்துவிட்டு, எதிர்க்கடையில் போய் உட்கார்ந்து ஒரு கட்டிங் சாய், அதாவது அரை கிளாஸ் டீ, குடிக்க வேண்டும். நிதானமாக. திரும்பி வந்து அதே இடத்தில் கம்பை ஊன்றிப் பார்த்தால், விளிம்பு கோட்டிலேயே நிற்க வேண்டும். நூலளவு கீழே வந்திருந்தாலும் அந்த ஜாக்கு அன்றைக்கு வேலைக்கு ஆகாது. கோடு நின்றால் சக்கரத்தைக் கழற்றி, அந்தச் சக்கரத்தையே காருக்கு அடியில் படுக்கப் போட்டுவிட்டுத்தான் ஆள் உள்ளே போகலாம்.

"ஜாக்கு தூக்கிக் குடுக்கும். தாங்குறதுக்கு வேற ஒண்ணு வேணும்" என்பார்.

இதற்குப் பெயர் கோடு பார்க்கிறது. கேரேஜில் ஒரு வழக்கமும் இருந்தது. ஒவ்வொரு ஜாக்குக்கும் ஓர் ஆள் பொறுப்பு. காலையில் அவன் கோடு பார்த்து வைத்திருப்பான். அவனிடம் வாங்குகிறவன், "கோடு பாத்ததுதானே?" என்று கேட்பான். "பாத்ததுதான்" என்று அவன் சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. அந்த ஒரு சொல்லை நம்பி அடியில் போய்ப் படுத்துக்கொள்வோம்.

ஒருநாள் காசிம் பாய் ஒரு டிராலி ஜாக்கு கொண்டு வந்தார். மூடின ஒரு கம்பெனியின் டிப்போவில் எடுத்தது. தரையோடு தரையாக நீளமாகக் கிடக்கும். இரும்புச் சக்கரம். வால்வைத் திருகினால் பூனை மதில் இறங்குவது மாதிரி சத்தமில்லாமல் இறங்கும். அப்படி ஒன்றை நான் தொட்டதே இல்லை. தங்கராஜ் எனக்கு நாலு வருஷம் பின்னால் சேர்ந்தவன். ஜாக்கு எனக்குத்தான் என்று நானும் நினைத்தேன், மற்றவர்களும் நினைத்தார்கள். காசிம் பாய் அதன் கைப்பிடியை எடுத்துத் தங்கராஜ் கையில் கொடுத்தார்.

அன்றைக்கு முழுக்க நான் யாரோடும் பேசவில்லை. சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

"என்ன செல்லையா, மூஞ்சைத் தூக்கி வச்சிருக்க?"

"நான் என்ன தப்பு செஞ்சேன் மொதலாளி?"

"ஒரு தப்பும் செய்யல. நீ டீயை நின்னுக்கிட்டே குடிக்கே. அவன் உக்காந்து குடிக்கான்."

அது உண்மை. நான் கோடு போட்ட கையோடு ஓடிப்போய், கொதிக்கக் கொதிக்க இரண்டு மடக்கு குடித்துவிட்டு வந்து கம்பை ஊன்றுவேன். அவ்வளவு நேரத்தில் எந்த ஜாக்கும் இறங்காது. அவன் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடிப்பான். பக்கத்தில் இருக்கிறவனிடம் ஊர்க்கதை கேட்பான். கிளாஸைக் கழுவிக்கூட வைப்பான் போலிருக்கிறது. சோம்பேறி என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த ஜாக்கின் கைப்பிடியில் அவன் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினான். தூரத்திலிருந்தே தெரியும். அவனுக்குக் கல்யாணம் ஆனபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சுனாபட்டியில் வீடு பார்த்துப் போனபோதும் ஒன்றும் இல்லை. அந்தச் சிவப்புத் துணியைப் பார்த்தால் மட்டும் எனக்குச் சாப்பாடு இறங்காது.

பொறுக்க முடியாமல் நானும் பழைய சாமான் சந்தையில் ஒரு ஜாக்கு வாங்கினேன். அவனுடையது இரண்டு டன். என்னுடையதில் மூன்று டன் என்று எழுதியிருந்தது. பளபளவென்று புதுப் பச்சைப் பெயிண்ட். அதில் நான் ஒரு மஞ்சள் துணி கட்டினேன்.

ஒரு மாசத்தில் எண்ணெய் கசிந்தது. ஜாக்கு எண்ணெய் வாங்கி ஊற்ற வேண்டும். யாராவது பார்த்தால், புது ஜாக்குக்குள் ஏன் எண்ணெய் ஊற்றுகிறாய் என்று கேட்பார்களே. அலமாரியில் பிரேக் ஆயில் டப்பா இருந்தது. எடுத்து ஊற்றினேன். இரண்டும் எண்ணெய்தானே என்று நினைத்தவனில்லை நான். பிரேக் ஆயில் பட்டால் ஜாக்குக்குள் இருக்கிற ரப்பர் ஊதிப்போகும் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நாள் ஓடட்டும், அப்புறம் ரப்பர் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அப்புறம் கோடு பார்க்கிறதையும் விட்டேன். பார்த்தால் தெரிந்துவிடுமே. அந்த ஜாக்கால் தூக்கினாலும் நான் அடியில் போகாத வேலையாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. காசிம் பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தார். தங்கராஜின் ஜாக்கு ஒரு டாக்ஸிக்கு அடியில் மாட்டியிருந்தது, ஆக்சில் கழற்றின வண்டி, இறக்க முடியாது. அந்த நேரம் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருத்தர் பின் சக்கரத்தில் சத்தம் என்று வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தி, அவசரம் என்றார். தங்கராஜ் கையைத் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தான்.

"அண்ணாச்சி, உங்க ஜாக்கைக் குடுங்க."

எத்தனை வருஷம் நான் காத்திருந்த பேச்சு அது. அவன் என்னிடம் ஜாக்கு கேட்கிறான். சந்தோஷத்தில் எனக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது.

"கோடு பாத்ததுதானே?"

"பாத்ததுதான்" என்றேன்.

இந்த இடத்தில் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எழுதும்மா என்றேன்.

தங்கராஜ் தூக்கினான். இடுப்பால் இடித்தான். சக்கரத்தைக் கழற்றி அடியில் படுக்கப் போட்டான். என் சொல்லை நம்பிக் கோடு மட்டும் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய வழக்கமும் இல்லை. நான் நாலு எட்டு தள்ளி ஒரு கார்புரேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வா என்று சொல்ல நேரம் இருந்தது. ஒரு டீ குடிக்கிற நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை. மஞ்சள் துணி கட்டின ஜாக்கு, அத்தனை பேர் பார்க்க, அவன் தலைக்கு மேலே ஒரு காரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கார் மெதுவாக இறங்கி, பிறகு சட்டென்று உட்கார்ந்தது. அடியில் போட்ட சக்கரம் பாடியைத் தாங்கிவிட்டது. அவன் மார்புக்கும் காருக்கும் நடுவில் ஒரு சாண் இடம் மிச்சம். இடது கை மட்டும் சக்கரத்தின் மேல் இருந்தது. விரல் மாட்டிக்கொண்டது.

சயான் ஆஸ்பத்திரிக்கு அந்த டாக்டர் வண்டியிலேயே கொண்டுபோக முடியவில்லை, அதுதானே படுத்துக் கிடக்கிறது. டாக்ஸி பிடித்துப் போனோம். பாதி விரலை எடுத்துவிட்டார்கள். தொழுகை முடிந்து காசிம் பாய் அங்கே வந்தார். என் பக்கம் திரும்பாமல் தங்கராஜிடம் கேட்டார்.

"கோடு பாத்தியா?"

"சக்கரத்து மேல கை வச்சது என் தப்பு மொதலாளி" என்றான் அவன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. காசிம் பாய்க்கும் அது தெரியும். அவர் என்னைப் பார்த்து, "வாங்க செல்லையா, டீ குடிப்போம்" என்றார். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து குடித்தோம். கிளாஸ் காலியாகிற வரைக்கும் நான் எதையாவது சொல்வேன் என்று காத்திருந்தார். நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் நாங்கள் ஒரே கேரேஜில் பல வருஷம் வேலை பார்த்தோம். தங்கராஜ் அதைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை. அவன் கையில் பிரேக் ஆயில் வாடை அடித்திருக்கும், அவனுக்குத் தெரியாமல் இருக்காது. சொன்னால் கேவலம், ஆனாலும் சொல்கிறேன். அந்தப் பாதி விரல் மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது. வருகிறவன் எல்லாம் அவனைத்தான் விசாரிப்பான்.

இனி மாப்பிள்ளை கதைக்கு வருகிறேன்.

மறுநாள் நானே போய், "ஜாக்கு வாங்க நானும் வாரேன் மாப்பிள்ளை" என்றேன். கடையில் தங்கராஜ் சொன்ன மாதிரி தாழ்வான இரண்டு டன் ஜாக்கு ஒன்று, சாம்பல் நிறத்தில் அழுக்கு மாதிரி இருந்தது. அதற்குப் பக்கத்தில் மூன்று டன், சிவப்பு. விலையும் குறைவு.

"இதை எடுங்க. மூணு டன்."

"உஸ்தாத் ரெண்டு போதும்னாரே மாமா."

"அவன் போன்ல சொல்லுதான். நான் நேர்ல நிக்கேன்."

மாப்பிள்ளை நல்ல மனிதர். மறு வார்த்தை பேசாமல் சிவப்பை எடுத்தார். கடையை விட்டு வெளியே வரும்போது எனக்குப் பத்து வயசு குறைந்த மாதிரி இருந்தது. பிஸ்டனில் விரல் வைத்துப் பார்க்கவில்லை. பார்த்தால் அவன் சொன்னபடி செய்த மாதிரி ஆகிவிடுமே.

ஞாயிற்றுக்கிழமை கட்டடத்துக்குக் கீழே காரை நிறுத்தினோம். ஜாக்கின் தலை உள்ளே போகவில்லை. அவ்வளவு உயரம். டயரைப் பலகை மேல் ஏற்றித்தான் நுழைக்க முடிந்தது. மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டார். தூக்கினோம். கை துடைக்கத் துணியும் ஸ்பானரும் எடுக்க அவர் மேலே போனார். நான் மட்டும் நின்றேன். அருகில் உடைந்த துடைப்பக் கட்டை ஒன்று கிடந்தது. ஏன் எடுத்தேன் என்று தெரியாது. காருக்குப் பக்கத்தில் ஊன்றி, சுவரில் உதிர்ந்த சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்தேன். மகள் அனுப்பின டீயை, ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து குடித்தேன். ஆயுசிலேயே முதல் தடவை அவ்வளவு மெதுவாகக் குடித்தேன். எழுந்து கட்டையை ஊன்றினேன். கோட்டுக்குக் கீழே ஒரு நகக்கனம் வந்திருந்தது கார்.

மாப்பிள்ளை திரும்பி வந்து, முதலில் அடியை ஒரு பார்வை பார்க்கிறேன் என்று அட்டையை விரித்து, காருக்குப் பக்கத்தில் படுத்தார். காலை உதைத்து உள்ளே நகரப் போகிறவர், என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மாமா, எல்லாம் செக் பண்ணியாச்சுல்ல?"

பாத்ததுதான் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இறங்கினாலும் சக்கரம் தாங்கும், இப்போதைக்கு ஒப்பேற்றிவிட்டு நாளைக்கு ஏதாவது சாக்கு சொல்லி மாற்றலாம் என்றுகூட மனசு கணக்குப் போட்டது. அப்புறம்தான் கவனித்தேன், அவர் இன்னும் சக்கரத்தைக் கழற்றவே இல்லை. அடியில் போடச் சக்கரம் இல்லை.

"வெளிய வாங்க மாப்பிள்ளை. இந்த ஜாக்கு இறங்குது."

"புதுசு மாமா."

"இறங்குது. தங்கராஜ் சொன்னதுதான் சரி."

அவர் எழுந்து உட்கார்ந்தார். நான் பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்து வெள்ளிக்கிழமை கதையைச் சொன்னேன். முதல் தடவையாக ஒருத்தரிடம் சொன்னேன். அவர் துணியைக் கையில் முறுக்கிக்கொண்டே கேட்டார்.

"வீடியோவுல இன்னொருத்தன்னு சொல்றாரே, அது நீங்களா மாமா?"

"நான்தான்."

அவர் எழுந்து காரை இறக்கினார். ஜாக்கை மூட்டை கட்டிக் கடையில் கொடுத்து, அந்த அழுக்குச் சாம்பல் ஜாக்கை வாங்கி வந்தார். நான் கூடப் போகவில்லை. அவர் கூப்பிடவும் இல்லை.

அடுத்த ஞாயிறு அது தரையோடு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. இடுப்பால் இரண்டு தடவை இடித்தேன். கோடு போட்டேன். இருவரும் டீ குடித்தோம். கோடு நின்றது. மாப்பிள்ளை படம் எடுத்து, வீடியோவுக்குக் கீழே இருந்த நம்பரில் தங்கராஜுக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: கோடு பார்த்தது யார்? மாப்பிள்ளை என் பெயரை எழுதி, தன் மாமனார் என்று போட்டார்.

அதற்குப் பிறகு போன் சும்மா கிடந்தது. மாப்பிள்ளை சக்கரத்தைக் கழற்றி அடியில் போட்டு முடிக்கிற வரைக்கும் சும்மா கிடந்தது. அப்புறம் குரலாக வந்தது, இந்தியில் இல்லை, தமிழில்.

"அண்ணாச்சி பாத்தார்னா சரி. தைரியமா உள்ள போங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். பிறகு அட்டையில் படுக்கப் போனார்.

"இருங்க" என்றேன். "வீடியோவுல அவன் என்ன சொல்லியிருக்கான்? இன்னொருத்தன் பாத்த கோட்டை நம்பாதேன்னுதானே. நீங்க ஒரு தடவை பாருங்க."

துடைப்பக் கட்டையை அவர் கையில் கொடுத்தேன். மறுபடி மேலிருந்து டீ வந்தது. உட்கார்ந்து குடித்தோம். அவர் போய் ஊன்றிப் பார்த்துவிட்டு, "நிக்குது மாமா" என்றார். உள்ளே போனார், பிரேக் பேடை மாற்றினார், முழுசாக வெளியே வந்தார்.

தங்கராஜ் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவன் ஏதாவது திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சமமாக இருந்திருக்கும். இதிலும் அவனே முந்திக்கொண்டான்.